‘ரெகார்டு இல்லை’ என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்: அமெரிக்கக் கவுண்டிகளில் டியூஐ பதிவுகளைத் தேடும் விதம்

டியூஐ, அதாவது போதையில் வண்டி ஓட்டிய வழக்கு, இருக்கிறதா என்று பார்க்கக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) கோர்ட்டின் இணையதளத்தில் பெயரைத் தட்டுகிறோம். ‘பதிவு ஏதும் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. அப்பாடா என்று மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த வரிக்குப் பொருள், இந்த எழுத்துக்கூட்டலில், இந்தக் கோர்ட்டில், இந்தத் தேடல் பெட்டிக்குத் தெரிந்தவரை ஏதும் இல்லை என்பது மட்டும்தான். வழக்கு பக்கத்து ஊர் கோர்ட்டில் இருக்கலாம். பெயர் முன்பின் மாறிப் பதிவாகியிருக்கலாம். இன்னும் தாக்கலே ஆகாமல் அரசு வழக்கறிஞரின் மேஜையில் காத்திருக்கலாம்.

குடியுரிமைக்கு என்-400 நிரப்புகிறவர்களுக்கும், விசாவுக்கு டிஎஸ்-160 நிரப்புகிறவர்களுக்கும், வேலைக்கான பின்னணிச் சோதனைக்கு முன்னால் தன் பெயரில் என்ன இருக்கிறது என்று பார்த்துவைக்க நினைப்பவர்களுக்கும் இந்த வேலை வந்தே தீரும். தேடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எந்தக் கதவு எதற்கு என்று தெரியாமல் தட்டுவதில்தான் நாள்கள் போகின்றன.

ஒரே ஒரு இரவு நடந்த சம்பவம் குறைந்தது நான்கு இடங்களில் காகிதமாகிறது. நிறுத்திய போலீஸ் துறையிடம் சம்பவ அறிக்கை இருக்கும். அது நகரப் போலீஸாக இருக்கலாம், கவுண்டியின் போலீஸான ஷெரிஃப் ஆபீஸாக இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைப் போலீஸாகவும் இருக்கலாம். ஜெயிலில் புக்கிங் பதிவு இருக்கும்: கைரேகை, படம், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை. கோர்ட் கிளர்க்கிடம் வழக்குக் கோப்பு. டிஎம்வி என்ற மோட்டார் வாகனத் துறையிடம் லைசன்ஸ் பற்றிய தனி நடவடிக்கை. இந்த நான்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோர்ட்டில் வழக்கு தள்ளுபடியானாலும் ஜெயில் பதிவில் ‘டியூஐ’ என்று போட்டது அப்படியே கிடக்கும். யாரும் போய்த் திருத்துவதில்லை. டிஎம்வி இன்னும் ஒரு படி மேலே: அங்கே லைசன்ஸ் முடக்கம் கோர்ட்டுக்குக் காத்திராமல் நடக்கும் நிர்வாக நடவடிக்கை. அதை எதிர்த்து விசாரணை கேட்க கலிஃபோர்னியாவில் 10 நாள், டெக்சஸில் 15 நாள் அவகாசம். கேட்காமல் விட்டால், வழக்கு தள்ளுபடியானாலும் அந்த முடக்கம் ஓட்டுநர் பதிவில் நின்றுவிடலாம்.

முதலில் கவுண்டியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். குடியிருக்கும் கவுண்டி கணக்கில் வராது. வண்டியை நிறுத்திய இடம் எந்தக் கவுண்டியோ அதுதான். நகரத்தின் பெயரை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவோம். டெக்சஸின் ஃப்ரிஸ்கோ காலின், டென்டன் என்ற இரண்டு கவுண்டிகளில் பரந்து கிடக்கிறது. இல்லினாயின் நேப்பர்வில் டூபேஜிலும் வில்லிலும் இருக்கிறது. அட்லாண்டாவின் பெரும்பகுதி ஃபுல்டனில், ஒரு பகுதி டிகால்பில். கையில் டிக்கெட் இருந்தால் அதில் கோர்ட்டின் பெயர் அச்சிட்டிருக்கும், அதைவிட நல்ல தடயம் கிடையாது. இல்லையென்றால் நிறுத்திய சாலையையும் குறுக்குத் தெருவையும் வரைபடத்தில் வைத்துக் கவுண்டி எல்லையைப் பாருங்கள். லூசியானாவில் கவுண்டிக்குப் பதில் பாரிஷ் என்பார்கள். வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராத தனி நகரங்கள். அங்கே கவுண்டியை மட்டும் தேடினால் நகரம் விட்டுப்போகும். யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காவுக்குள் பிடிபட்டால் வழக்கே மத்தியக் கோர்ட்டுக்குப் போகும். கவுண்டியில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது.

கைதுப் பதிவுக்குப் போவோம். ஷெரிஃப் தளத்தில் இருக்கும் கைதிகள் தேடலைப் பலர் கைது வரலாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான கவுண்டிகளில் அது இப்போது உள்ளே இருப்பவர்களின் பட்டியல்தான். முதல் முறை டியூஐயில் பிடிபட்டவர் சில மணி நேரத்தில், அதிகம் போனால் மறுநாள் வெளியே வந்துவிடுவார். பெயரும் பட்டியலிலிருந்து போய்விடும். சில கவுண்டிகள் கடைசி ஒன்றிரண்டு நாள் புக்கிங்கைத் தனியாகப் போடும். அதையும் தாண்டியதென்றால் ஷெரிஃப் ஆபீஸின் ரெகார்ட்ஸ் பிரிவுக்குத்தான் எழுத வேண்டும். விபத்தாகி நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் ஜெயில் வாசலையே மிதித்திருக்க மாட்டார். புக்கிங் எண்ணே இருக்காது, போலீஸ் அறிக்கை எண் மட்டும் இருக்கும்.

கேட்டு எழுதும்போது தகவல் அறியும் சட்டம் என்று நினைத்துக்கொண்டு மத்திய எஃப்ஓஐஏ பெயரைப் போடுவது வழக்கமான தவறு. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டும். மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம் உண்டு: கலிஃபோர்னியாவில் பப்ளிக் ரெகார்ட்ஸ் ஆக்ட், டெக்சஸில் அரசுச் சட்டத்தின் 552ஆம் அத்தியாயம், ஃபுளோரிடாவில் 119ஆம் அத்தியாயம். எழுதும் கடிதத்தில் முழுப்பெயர், பிறந்த தேதி, கைதான தேதி, இடம், தெரிந்தால் அறிக்கை எண், இவ்வளவு போதும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் முழு அறிக்கையைத் தரமாட்டார்கள். பெயர், நேரம், இடம், குற்றச்சாட்டு, ஜாமீன் போன்ற அடிப்படை விவரம் கிடைக்கும். இன்னொன்று: இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் கோர்ட்டுகளுக்குப் பொருந்தாது. கோர்ட் கோப்புக்கு இந்தச் சட்டத்தைக் காட்டி எழுதினால் ‘கிளர்க்கைக் கேளுங்கள்’ என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்புவார்கள்.

கைதுக்கும் வழக்குக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கைது செய்வது போலீஸ். வழக்குத் தொடுப்பது அரசு வழக்கறிஞர். ரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருந்தால் முடிவு வர மாதக்கணக்கில்கூட ஆகும். அதுவரை கோர்ட் தேடலில் ஏதும் இருக்காது. கலிஃபோர்னியாவில் சாதாரண டியூஐ வழக்கைத் தாக்கல் செய்ய ஓராண்டு வரை, டெக்சஸில் இரண்டாண்டு வரை அவகாசம் இருக்கிறது. கொடுத்த தேதியில் கோர்ட்டுக்குப் போய், ‘உங்கள் பெயர் பட்டியலில் இல்லை’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். பின்னால் தாக்கலாகி, நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய், ஆஜராகாததற்கு வாரண்ட் பிறந்திருக்கும். அதனால் ஒருமுறை தேடிவிட்டு நிறுத்தாமல் அந்த அவகாசம் தீரும்வரை மாதம் ஒருமுறை தேடுங்கள். வழக்கு எண்ணில் வரும் ஆண்டு தாக்கலான ஆண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 2023 டிசம்பர் கைது 2024 எண்ணில் இருக்கலாம்.

எந்தக் கோர்ட் என்பதில் மாநிலங்கள் ஆளுக்கொரு பாதை. கலிஃபோர்னியா எளிது: 58 கவுண்டிகளிலும் ஒரே சுப்பீரியர் கோர்ட், வாகனச் சட்டம் 23152. டெக்சஸில் முதல் டிடபிள்யூஐ (டியூஐக்கு அங்குள்ள பெயர்) மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம்; மூன்றாவது ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். டாலஸ் கவுண்டியில் மிஸ்டிமீனர் கோப்பு கவுண்டி கிளர்க்கிடம், ஃபெலனி கோப்பு டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் இரண்டுமே டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம். ஜார்ஜியாவில் கவுண்டியின் ஸ்டேட் கோர்ட், அது இல்லாத கவுண்டியில் புரோபேட் கோர்ட், ஊர்ப் போலீஸ் பிடித்திருந்தால் முனிசிபல் கோர்ட் என்று மூன்று இடம் பார்க்க வேண்டும்.

நியூ ஜெர்சிதான் எல்லாரையும் குழப்புவது. அங்கே டிடபிள்யூஐ கிரிமினல் குற்றமே இல்லை, 39:4-50 என்ற போக்குவரத்து விதிமீறல். வழக்கு ஊர் முனிசிபல் கோர்ட்டில் நடக்கும். எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டியில் மட்டும் 25 ஊராட்சிகள். கவுண்டி சுப்பீரியர் கோர்ட்டின் கிரிமினல் தேடலில் எத்தனை முறை பார்த்தாலும் சுத்தமாகத்தான் வரும். கிரிமினல் இல்லை என்பதாலேயே அதை எக்ஸ்பஞ்ச் செய்யவும், அதாவது பதிவிலிருந்து அழிக்கவும், வழியில்லை. சட்டத்தின் விசித்திரங்களில் ஒன்று. விஸ்கான்சினிலும் முதல் ஓடபிள்யூஐ (டியூஐக்கு அங்குள்ள பெயர்) பெரும்பாலும் சிவில் அபராதம்தான். அது முனிசிபல் கோர்ட்டில் முடிந்திருந்தால் எல்லாரும் நம்பும் சிகேப் என்ற மாநில வழக்குத் தேடல் தளத்தில் இருக்காது, ஏனென்றால் அது சர்க்யூட் கோர்ட் வழக்குகளை மட்டும் காட்டுகிறது.

நியூயார்க்கில் வெப்கிரிமினல் என்ற இலவசத் தேடல் இருக்கிறது. அடுத்த விசாரணைத் தேதி உள்ள வழக்குகளை மட்டுமே அது காட்டும். முடிந்த வழக்கு மறைந்துவிடும். முடிந்தவற்றுக்கு மாநிலம் முழுக்கத் தேடித் தரும் சேவைக்கு 95 டாலர், பெயரும் பிறந்த தேதியும் அச்சாகப் பொருந்த வேண்டும். அதிலும் 1192.1 என்ற சிறிய பிரிவு வெறும் போக்குவரத்து மீறல் என்பதால், அதற்குக் குறைத்து முடித்த வழக்கை அந்தந்த ஊர் கோர்ட்டில் கேட்பதே சரி. பென்சில்வேனியாவும் மேரிலாந்தும் நல்ல பிள்ளைகள்: மாநிலம் முழுக்க ஒரே தளம், இலவசம். மேரிலாந்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: டியூஐயும் டிடபிள்யூஐயும் அங்கே இரண்டு தனிக் குற்றங்கள், தனித்தனி சைட்டேஷன் (டிக்கெட்) எண்கள். ஒன்று தள்ளுபடி என்று பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் விட்டால் பாதி உண்மைதான் கையில் இருக்கும்.

இனிப் பெயர். தமிழர்களுக்கு இது தனி அத்தியாயம். குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டில் விசா அச்சாகும்போது நம் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். லைசன்ஸிலும் சில மாநிலங்களில் அப்படியே வரும். நள்ளிரவில் புக்கிங் செய்பவர் அதை என்னவென்று படிப்பார்? ‘முத்துக்குமாரசாமி சண்முகசுந்தரம்’ என்பவரை எடுத்துக்கொள்வோம். போலீஸ் அறிக்கையில் சண்முகசுந்தரம் குடும்பப் பெயராக, ஜெயில் பதிவில் முத்துக்குமாரசாமி குடும்பப் பெயராக, கோர்ட்டில் ‘முத்துக்குமார’ என்று கட்டம் தீர்ந்த இடத்தில் வெட்டுப்பட்டதாக, இன்னொன்றில் ‘முத்து’ முதல் பெயர், ‘குமாரசாமி’ நடுப்பெயர் என்று பிளந்ததாக இருக்கலாம். அதனால் ஐந்து வகையில் தேடுங்கள்: இருக்கிறபடி, முன்பின் மாற்றி, எஃப்என்யு முதல் பெயராக, இடைவெளி விட்டும் விடாமலும், கடைசியாக முதல் நாலைந்து எழுத்தும் நட்சத்திரக் குறியும். ஒடிஸி என்ற மென்பொருளில் ஓடும் கோர்ட் தளங்கள் ஏராளம். அவற்றில் குடும்பப் பெயர், கமா, முதல் பெயர் என்ற வரிசையில் தட்ட வேண்டும். பெட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ‘தேடல் வேலை செய்யவில்லை’ என்று கைவிடுகிறவர்கள் பலர்.

பிறந்த தேதியும் சிக்கல்தான். நாம் 07/04 என்றால் ஏப்ரல் 7, அங்கே ஜூலை 4. வாயால் சொல்லிப் பதிவானது என்றால் மாற்றியும் தேடிப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் கோர்ட்டின் கிரிமினல் அட்டவணையைப் பிறந்த தேதி வைத்தோ லைசன்ஸ் எண் வைத்தோ சலிக்க விடக்கூடாது என்று 2021இல் மேல்முறையீட்டுக் கோர்ட் தீர்ப்பளித்தது. அதனால் அங்கே ஒரே பெயரில் பத்துப் பேர் வந்தால் கோப்பைத் திறந்து பார்த்துத்தான் நம்மவரா என்று உறுதி செய்ய முடியும். கார்த்திக், குமார் என்று பொதுவான பெயர்க்காரர்கள் பொறுமையாக இருங்கள்.

வழக்கு கிடைத்ததும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி விஷயம் அதிலேயே இருக்கும். ஒஹையோ முனிசிபல் கோர்ட்டில் எண்ணின் நடுவில் டிஆர்சி என்று இருந்தால் அது ஓவிஐ வழக்கு, அதாவது அவர்கள் ஊர் டியூஐ. டிஆர்டி என்றால் மற்ற போக்குவரத்து வழக்கு, சிஆர்பி என்றால் மிஸ்டிமீனர். பென்சில்வேனியாவில் எம்ஜே என்று தொடங்கினால் ஊர் மாஜிஸ்ட்ரேட்டிடம் உள்ள முதல் கட்டம். சிபி-46-சிஆர் என்றால் மான்ட்கமெரி கவுண்டியின் காமன் பிளீஸ் கோர்ட். பிலடெல்ஃபியாவுக்கு 51, பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகேனிக்கு 02. எம்ஜே பக்கத்தில் ‘வெய்வ்டு ஃபார் கோர்ட்’ என்று பார்த்து வழக்குத் தள்ளுபடி என்று மகிழ்ந்துபோகிறார்கள். அது மேலே அனுப்பப்பட்டது என்று அர்த்தம். முடிவு சிபி எண்ணில்தான் இருக்கும், இரண்டு பக்கத்தையும் இறக்கி வையுங்கள்.

முடிவு என்ற கட்டத்தில் வரும் சொற்களையும் கவனியுங்கள். நோலி பிராசிகுவி என்றால் அரசுத் தரப்பே கைவிட்டது. நோலோ கன்டெண்டரி என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் தண்டனையை ஏற்றது, விடுதலை அல்ல. எஃப்டிஏ என்றால் ஆஜராகவில்லை. பக்கத்தில் பெஞ்ச் வாரண்ட் (நீதிபதியின் பிடியாணை) இருந்தால் முதல் வேலை வழக்கறிஞரைக் கூப்பிடுவது. மேரிலாந்தின் பிபிஜே, மாசசூசெட்ஸின் சிடபிள்யூஓஎஃப், இல்லினாயின் சூப்பர்விஷன் எல்லாம் நிபந்தனையோடு வழக்கை முடிக்கும் வழிகள்; மாநிலச் சட்டப்படி தண்டனைத் தீர்ப்பில் சேராதவை. கலிஃபோர்னியாவில் 23103.5 என்று கண்டால் அது ‘வெட் ரெக்லஸ்’, டியூஐயிலிருந்து குறைத்துப் பேசி முடித்தது. ஜெயில் பதிவில் ஒரு குற்றம், கோர்ட்டில் வேறு குற்றம் என்று குழம்ப வேண்டாம். இரண்டும் ஒரே இரவுதான்.

திரையில் பார்த்ததை அச்செடுத்து யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறைக்கு அனுப்பினால் செல்லாது. கேட்பது கிளர்க்கின் முத்திரையும் கையெழுத்தும் உள்ள சான்றிட்ட டிஸ்போசிஷன், அதாவது குற்றச்சாட்டு, முடிவு, தண்டனை மூன்றும் தெரியும் ஆவணம். கிளர்க் ஜன்னலில் ‘காப்பி வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் சாதா நகலைக் கொடுத்துவிடுவார்கள். ‘சர்ட்டிஃபைட் டிஸ்போசிஷன்’ என்ற இரண்டு சொல்லையும் சொல்லுங்கள். ஃபுளோரிடாவில் பக்கத்துக்கு 1 டாலர், சான்றிட 2 டாலர். கலிஃபோர்னியாவில் பக்கத்துக்கு 50 சென்ட், சான்றிட 40 டாலர், 10 நிமிடத்துக்கு மேல் தேட வேண்டியிருந்தால் 15 டாலர். தபாலில் கேட்பதானால் உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் வைத்து அனுப்புங்கள். கட்டணத்தை எந்த வடிவில் ஏற்பார்கள் என்று முதலில் போன் செய்து கேட்டுவிடுங்கள், பலர் தனிநபர் காசோலையைத் திருப்பிவிடுவார்கள். புரோபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு), வகுப்பு, அபராதம் எல்லாம் முடித்ததற்கான காகிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்காக இன்னொரு முறை லீவு போட வேண்டாம்.

குடியேற்றக் கணக்கு தனி. டிஎஸ்-160 கேட்பது தண்டனையை மட்டும் அல்ல, கைதையும்தான். 2015 நவம்பர் முதல், கடந்த 5 ஆண்டுக்குள் டியூஐ கைது இருந்தால் விசாவைத் தூதரகம் ரத்து செய்யலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலம் ‘தண்டனை இல்லை’ என்று சொன்ன பிபிஜே போன்றவற்றையும், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதேனும் தண்டனையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டிருந்தால், குடியேற்றச் சட்டம் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். கணக்கில் எடுக்கும் காலத்துக்குள் இரண்டு டியூஐ தண்டனைகள் இருந்தால் நன்னடத்தை இல்லை என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குவார்கள் என்று 2019இல் அட்டர்னி ஜெனரல் முடிவு செய்துவிட்டார். ‘என் ஸ்டேட்டில் இது கிரிமினலே இல்லை’ என்று நியூ ஜெர்சிக்காரர் கைதைக் குறிப்பிடாமல் விடுவது எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான சுருக்குவழி.

வேலைச் சோதனையிலும் ஒரு பாதி உண்மை உலவுகிறது: ஏழாண்டு தாண்டினால் வராது என்று. பின்னணிச் சோதனை அறிக்கைகளுக்கான மத்திய எஃப்சிஆர்ஏ சட்டப்படி தண்டனையில் முடியாத கைதுக்குத்தான் அந்த 7 ஆண்டு. தண்டனைக்கு வரம்பு கிடையாது. கைதுக்கும்கூட ஆண்டுச் சம்பளம் 75,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலை என்றால் அந்த வரம்பு பொருந்தாது. ஐடியில் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு மேலேதான். சில மாநிலங்கள் இதைவிட இறுக்கமாக வைத்திருக்கின்றன என்பது வேறு.

கூகுளில் கவுண்டி பெயரோடு தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அரசுத் தளம் போலவே சட்டை போட்டிருக்கும். ‘தேடுகிறது… தேடுகிறது…’ என்று பச்சைக் கோடு ஓடி, கடைசியில் கார்டு எண் கேட்டு மாதச் சந்தாவில் மாட்டிவிடும். அவர்களிடம் இருப்பது எப்போதோ வாங்கிய பழைய பட்டியல். டாட் கவ் என்று முடிந்தால்தான் அரசு என்பதும் முழுச் சரியில்லை. ஹாரிஸ் கவுண்டி டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கின் தளமே டாட் காமில்தான் இருக்கிறது. கவுண்டியின் முகப்புப் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து கிளர்க் பக்கத்துக்குத் தாவுங்கள். கைதுப் படத்தைப் போட்டுவிட்டு, நீக்கப் பணம் கேட்கும் தளங்களுக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் 2015 முதல் அப்படிப் பணம் வாங்குவதே சட்டவிரோதம்.

பழைய வழக்கு என்றால் கோப்பே அழிந்திருக்கலாம். கலிஃபோர்னியாவில் டியூஐ மிஸ்டிமீனர் கோப்பை 10 ஆண்டுக்குப் பிறகு அழிக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்போது வெறுங்கையோடு திரும்பாமல், ‘தேடினோம், பதிவு இல்லை’ என்றோ ‘விதிப்படி அழிக்கப்பட்டது’ என்றோ கிளர்க்கிடமே சான்றிட்ட கடிதம் வாங்குங்கள். டிஸ்போசிஷனுக்குப் பதில் யுஎஸ்சிஐஎஸுக்குக் கொடுக்க வேண்டியது அதுதான். டிஎம்வியின் ஓட்டுநர் பதிவையும் சேர்த்து வையுங்கள். அதை உங்களுக்காக நீங்களே கேட்டால் கிடைத்துவிடும், மற்றவருடையதைக் கேட்டால் ஓட்டுநர் விவரங்களைக் காக்கும் 1994ஆம் ஆண்டின் டிபிபிஏ சட்டம் குறுக்கே நிற்கும்.

எக்ஸ்பஞ்ச் செய்யத் தகுதியுள்ள மாநிலத்தில் இருப்பவர்கள் மனுப் போடும் முன்னால் நாலு சான்றிட்ட நகல் வாங்கிப் பத்திரப்படுத்திவிடுங்கள். அழித்த கைதையும் குடியேற்றப் படிவத்தில் சொல்லியாக வேண்டும், காகிதமும் கேட்பார்கள். உத்தரவு வந்தபின் அதே கிளர்க் ஜன்னலுக்குப் போனால், உங்கள் வழக்கு எண்ணை நீங்களே சொன்னாலும், அப்படியொரு வழக்கு இல்லை என்றுதான் பதில் வரும்.